கம்பெனி குடுத்த கன்னு

போன மாசம் கம்பெனியில எனக்குக் குடுத்த வேலை சின்னதுதான். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, மண்ணள்ளி மண்ணள்ளி மொட்டையாப் போன பொட்டல். அங்க பிள்ளைங்களை வச்சு மரம் நடணும்.

நான் ஒரகடம் பேக்டரியில குவாலிட்டி செக்கிங். ஒரு நட்டு லூசா இருந்தா லைனையே நிறுத்துற ஆளு.

முந்தின நாள் பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு நானே மெசேஜ் எழுதினேன். "நாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்பெனி சார்பில் ஒரு கன்று. தினமும் தண்ணி காட்டி வளர்க்கவும்."

'மரக்கன்று'ன்னு போட்டிருக்கணும். 'தண்ணி ஊத்தி'ன்னாவது எழுதியிருந்தா தப்பிச்சிருப்பேன். தமிழ் அழகா வரட்டும்னு 'காட்டி'ன்னு போட்டேன்.

காலையில போனா ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கையில கயிறு. சில பேர் வைக்கோலோட வந்திருந்தாங்க.

செடியைக் குச்சியோட கட்டக் கயிறு, வேர் காயாம இருக்க வைக்கோல். என்ன வெவரமான ஊருடான்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒருத்தர் எங்க கம்பெனி வேனுக்குள்ள எட்டிப் பாத்தார். "இன்னா சார், வண்டி சின்னதா கீது? கன்னுக்குட்டிங்கோ பின்னால வருதா?"

"கன்னுக்குட்டியா?"

"நாட்டு மாடா, ஜெர்சியா?"

மாட்டுக்குத்தான் தண்ணி 'காட்டுவாங்க'ன்னு அப்பத்தான் ஒறைச்சுது. நான் மெதுவா ஒரு புங்கங்கன்னைத் தூக்கிக் காமிச்சேன்.

"இதுக்கா சார் ஷிப்ட்டுக்கு லீவு போட்டுக்கினு வந்தேன்?"

பாதிப் பேர் கெளம்பிட்டாங்க. பிள்ளைங்களும் போயிட்டா அந்தச் சரளை மண்ணுல தினம் யார் தண்ணி ஊத்துறது? ஒரு செடி தேறாது.

ஜெர்சியான்னு கேட்டவரோட பொண்ணு திவ்யா, அஞ்சாவது படிக்கிறா, கையில மணியோட நின்னா. "லட்சுமின்னு பேரு கூட வச்சிட்டேன் சார்." கண்ணு ரெண்டும் தளும்புது. எனக்கு வெக்கமாப் போச்சு. நட வெட்டின குழியிலயே எறங்கிடலாமான்னு இருந்துச்சு.

"இதுக்கு அந்தப் பேரு வைக்கலாமே பாப்பா."

யோசிச்சா. "கொம்பு வராதே சார்."

"கெளை வரும்."

வாங்கிட்டா. நட்டு, குச்சியில மணியையும் கட்டிட்டா. உடனே எல்லாப் பிள்ளைக்கும் தன் கன்னுக்குப் பேரு வைக்கணும். பொட்டல் பூரா லட்சுமி, மீனா, கருப்பன்! போகாம நின்ன பெத்தவங்க முள்ளு வெட்டிட்டு வந்து, கொண்டுவந்த கயித்தாலயே ஆடு நொழையாம வேலி கட்டினாங்க.

நேத்து போய்ப் பாத்தேன். திவ்யா ஓடி வந்தா. "சார், லட்சுமி துளிர் வுட்டுக்கீது!"

பின்னாலயே அவங்கப்பா வந்தார். "அதெல்லாம் சரி சார். பால் எப்போ கறக்கும்?"