ஏழு மாப்பிள்ளைகளும் ஓர் ஆட்டோமேஷனும்

திரையில் ஒரு கட்டம் தோன்றி ஏதாவது கேட்டால், படிக்காமலே ‘சரி’ என்று தட்டிவிடும் வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதியால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எட்டுக் குடும்பங்களின் மானத்தை வாங்கினேன். எட்டாவது எங்களுடையது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வீடு பினாங்குத் தீவில்; பாலம் தாண்டிச் சிம்பாங் அம்பாட்டில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் வேலை. அந்த வருடம்தான் எங்கள் கம்பெனி எக்செல் கோப்புகளை மூட்டை கட்டிவிட்டு, எல்லாரும் ஒரே இடத்தில் தகவல் போட்டு, திருத்தி, அதன் கீழேயே கருத்தும் எழுதுகிற ஒரு தளத்தைக் கொண்டுவந்தது. இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அம்மா சீட்டு எழுதினால்கூட (கங்கோங் கீரை ரெண்டு கட்டு, தவு நாலு) “இதுக்கு ஒரு டேபிள் போடலாம்லா” என்பேன்.

அதே சமயத்தில்தான் மாலதி அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா பல் கிளினிக்கில் தாதி. முப்பத்தொரு வயது. நான்கு வருடமாக வந்த வரன்களை எல்லாம் “வேணாம்மா” என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாள். அம்மா ஜாதகங்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

“டேட்டாவ இப்படியாம்மா வைக்கிறது?” என்று பொங்கிவிட்டேன்.

கம்பெனியில் சப்ளையர்களை மதிப்பிடும் டேபிள் ஒன்று இருந்தது. அதை அப்படியே நகல் எடுத்தேன். நகல் எடுக்கும்போது ஒரு கட்டம் வந்து என்னவோ கேட்டது. ‘சரி’ என்று தட்டினேன். சப்ளையர்களை அழித்துவிட்டு ஏழு மாப்பிள்ளைகளைப் போட்டேன். ‘பொருளின் தரம்’ என்ற இடத்தில் ‘குணம்’ என்று மாற்றினேன். ‘மின்னஞ்சல்’ என்ற இடம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பதால், ஜாதகத்தோடு வந்த பயோடேட்டாக்களைத் தேடி அதையும் நிரப்பினேன். (மகா புத்திசாலி!)

அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

“ரெக்கார்டுன்னா ஒரு ஆளும்மா. ஃபீல்டுன்னா அந்த ஆளப் பத்தி ஒரு விசயம். வியூன்னா, அதே ஆளுங்கள வேற வேற மாதிரி அடுக்கிப் பாக்கறது.”

“மூஞ்சி அதேதானே புவனா?”

“அதேதான்.”

“அப்புறம் என்னாத்துக்கு வேற மாதிரி பாக்கணும்?”

பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை. ஆனால் அட்டை வியூவைக் காட்டியதும் அம்மா விழுந்துவிட்டார். ஒவ்வொரு மாப்பிள்ளையும் படத்தோடு ஓர் அட்டை. ‘பரிசீலனை’, ‘தேர்வு’, ‘நிராகரிப்பு’ என்று மூன்று வரிசை. விரலால் இழுத்தால் அட்டை நகரும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அட்டையை நகர்த்த, அதன் கீழே கருத்து எழுத அனுமதி கொடுத்தேன். அம்மா டேப்லெட்டும் கையுமாக அலைந்தார்; தான் எழுதினாரே தவிர, அதன் கீழே யார் என்ன எழுதினார்கள் என்று திறந்து பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்த சுங்கை பாக்காப் ஆளுங்கள வேணா வரச்சொல்லுங்க” என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சுங்கை பாக்காப் ஊர் மாப்பிள்ளையின் பெயர் குமரன்; ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன். உடனே போன் போட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகப் பேசி முடித்தார் அம்மா.

“இனி மத்தவங்கள ஒதுக்கிடலாம்மா” என்று டேப்லெட்டை நீட்டினேன்.

“போப்பா, நீயும் போ. ஒங்கம்மாவுக்கு ரொம்ப வாய்” என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி ஆறு பேரை நிராகரிப்பில் தள்ளினார். குமரனை மட்டும் பூப்போலத் தேர்வில் வைத்தார்.

ஐந்து நிமிடத்தில் என் அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டவர்களில் ஒருவர், தான் விடுமுறையில் இருப்பதாகவும் திங்கட்கிழமை பதில் எழுதுவதாகவும் தானியங்கிப் பதிலில் சொல்லியிருந்தார். நான்தான் ஒன்றும் எழுதவே இல்லையே, எதற்குப் பதில்?

 டேபிளின் மேலே, நான் ஒருநாளும் திறந்து பார்க்காத ‘ஆட்டோமேஷன்’ பக்கத்தைத் திறந்தேன். ஏழு பச்சை டிக். ஏழுக்கும் பக்கத்தில் ‘வெற்றி’ என்று போட்டிருந்தது. ஐயோ! அட்டை நகர்ந்தாலே சப்ளையர்களுக்குத் தானாகக் கடிதம் போடும் ஏற்பாடும் நகலோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அந்தக் கட்டம் கேட்டது அதைத்தான்.

ஆறு மாப்பிள்ளைகளுக்கும் போன கடிதம் இது: ‘தாங்கள் அனுப்பிய மாதிரி எங்கள் தர அளவுக்கு ஏற்றதாக இல்லை. குறைகளைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். இப்படிக்கு, புவனா, கொள்முதல் பிரிவு.’

குமரனுக்குப் போனது: ‘தாங்கள் தற்காலிகமாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். எங்கள் குழு தங்கள் வளாகத்தைச் சோதனையிடும். குறை காணப்பட்டால் முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவீர்கள்.’ அதன் அடியில், தன்னைப் பற்றிய மதிப்பீட்டை அவரே படித்துக்கொள்ள ஒரு லிங்க்.

லிங்க்கைத் தட்டினேன். முதல் கருத்து அம்மாவுடையது: ‘மூக்கு பெருசு. வேற வழி இல்ல.’ அதற்குமேல் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குமரனின் அட்டையையாவது பழைய இடத்துக்கு இழுப்போம் என்று இழுத்தேன். வழுக்கி நிராகரிப்பில் விழுந்தது. ஒரு கடிதம் போனது. பதறிப்போய்த் தேர்வுக்கே திருப்பினேன். இன்னொன்று போனது. அதன்பிறகுதான் ஆட்டோமேஷனை நிறுத்த வேண்டும் என்று உறைத்தது. லிங்க்கை முடக்கலாம் என்பது அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். (அம்மாவிடம் சொல்லும் துணிச்சல் இல்லை.) அறைவாள் என்று நினைத்தேன். அக்கா வெளுத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்த லிங்க்ல எல்லாரோட கமெண்டும் தெரியுமாடி?”

“தெரியும்க்கா.”

தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “நாளைக்கு அவங்க வரலன்னா, எனக்கு இனிமே யாரையும் பாக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிரு” என்றாள்.

ஞாயிறு பத்து மணி ஆனது. கேசரி ஆறிவிட்டது. பத்தரையும் ஆனது. அக்கா சேலையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா, “பாலத்துல ட்ராஃபிக் ஜாமா இருக்கும்லா” என்று நூறு தடவை சொல்லிவிட்டார். 

பத்து ஐம்பதுக்கு எங்கள் அடுக்குமாடியின் வாசலில் ஒரு காடி வந்து நின்றது. முதலில் படியேறி வந்தவர் குமரனின் அம்மா. கையில் அச்செடுத்த மூன்று கடிதங்கள்.

“யாரும்மா அந்தக் கொள்முதல் பிரிவு?”

பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். அந்த அம்மா கடிதங்களையும், கடைசியில் லிங்க்கில் பார்த்த முதல் கருத்தையும் உரக்கப் படித்தார். எங்கள் அம்மாவின் வாய் திறந்தது, மூடவில்லை. மூக்கு வந்தபோது சோபாவைப் பிடித்துக்கொண்டார்.

“அது அவங்க அப்பா மூக்கு. முப்பத்தஞ்சு வருசமா நான் குடும்பம் நடத்துற மூக்கு!”

“அடோய் கடவுளே, என்னா புவனா இதெல்லாம்?” என்று அம்மா அலறினார்.

அப்போதுதான் பின்னால் நின்றிருந்த குமரன் பேசினார். “நேத்து அம்மா வரவே மாட்டேன்னு நின்னுட்டாங்க. நான் ரெண்டாவது கமெண்ட்ட காட்டினேன். அதுக்கு அப்புறம்தான் கெளம்பினாங்க.”

“ரெண்டாவதா? என்னா அது?” என்றார் எங்கள் அம்மா.

அவர் போனை அம்மாவிடம் நீட்டினார். எட்டிப் பார்த்தேன். எழுதியவர், மாலதி. ‘மூக்க விடுங்கம்மா. எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. இவர மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க.’

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மா அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “கேசரி இருக்காமா?” என்று கேட்டார்.

மூன்றாம் மாதம் கல்யாணம். மற்ற ஆறு வீட்டுக்கும் நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள், நான்கு பேர் வைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் என் மேலதிகாரி, “யார் இந்த ஏழு சப்ளையர்? என்ன பொருள் தருகிறார்கள்?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் என் அனுமதியைப் பார்வையாளர் என்று குறைத்துவிட்டார்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. இன்றும் அக்கா சண்டையில், “ஒங்களப் போய்க் கட்டினேனே!” என்று கத்தினால், அத்தான் அமைதியாகப் போனை எடுத்து அந்தக் கருத்தைக் காட்டுவார். உடனே அக்கா எனக்குப் போன் போடுவாள்.

“புவனா, அந்தச் சனியன மொதல்ல அழிச்சித் தொலடி!”

“நீ எழுதினதுக்கா. நீயே அழிக்கலாம். பக்கத்துல மூணு புள்ளி இருக்கும், அத தட்டு.”

“சரி சரி, அடுப்புல கொழம்பு இருக்கு, அப்புறம் பாக்கறேன்” என்று வைத்துவிடுவாள். ஆறு வருடமாகக் குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது.