இருபத்தைந்து நாற்காலிகள்

மாணவர் கணிதப் போட்டி அலுவலகத்தில் 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் அலுவலர்களுக்கு மட்டுமே உண்டு. தையற்காரரின் மகள் அது தெரியாமல் அதை விடைத்தாளில் எழுதிவிட்டாள்.

கேள்வி இதுதான்: ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து நாற்காலி, எல்லாவற்றிலும் ஆட்கள். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து, முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் நாற்காலிக்கு மாற வேண்டும். முடியுமா?

பூஜ்யம் போட்டுவிட்டார்கள். இந்தக் கணக்குக்கு மதிப்பெண் கிடைத்தால்தான் அவளுக்கு இறுதிச் சுற்று. தையற்காரர் கடையைச் சாத்திவிட்டு, மகளோடு மேல்முறையீட்டுக்கு வந்தார்.

"எடுத்த எடுப்பிலேயே முடியாதுன்னு எழுதலாமாம்மா? நாங்களே நாலு தடவை அலைய விட்டுத்தான் சொல்றோம்," என்றார் இயக்குநர்.

"சார், நாற்காலிகளுக்குச் சிவப்பு, வெள்ளைன்னு மாத்தி மாத்தி வர்ணம் அடிச்சதா வச்சுக்குங்க. சிவப்பு பதிமூணு, வெள்ளை பன்னெண்டு. சிவப்புல இருக்கறவங்க வெள்ளைக்குத்தான் மாற முடியும். பதிமூணு பேருக்குப் பன்னெண்டு நாற்காலி எப்படி சார் பத்தும்?"

"வர்ணம் அடிக்கறது வேற துறை. அதுல நாங்க தலையிட முடியாது."

செயல்முறை விளக்கத்துக்கு உத்தரவாயிற்று. கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். இயக்குநரையும் சேர்த்து அலுவலகத்தில் இருபத்துநாலு பேர்தான்.

"ஒரு ஆள் குறையுது. நீங்க உட்காருங்கய்யா," என்று தையற்காரரை நட்டநடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அலுவலக நாற்காலியில் அவர் உட்காருவது அதுவே முதல் தடவை. கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. ஒரே தள்ளுமுள்ளு. முன்னால் இருந்த நாற்காலிக்குத் தையற்காரரும் தட்டச்சரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். தையற்காரர் முழங்கையால் ஓர் இடி இடித்து, 'அப்பாடா' என்று அதில் விழுந்தார். தட்டச்சர் எழுந்துவந்த நாற்காலி மட்டும் காலி. அதில் திரும்ப உட்கார விதியில் இடமில்லை.

"எல்லாருக்கும் இடம் கிடைச்சுதா?" என்றார் இயக்குநர், உட்கார்ந்தபடியே.

"அவர் நிக்கறாரே சார்!" என்றாள் மகள்.

"நிக்கறவரை நான் கேட்கலை. உட்கார்ந்தவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. நின்றுகொண்டிருந்த தட்டச்சரும் பழக்க தோஷத்தில் தூக்கிவிட்டார்.

"ஏகமனதாக நிறைவேறியது. விடை, முடியும்."

"அப்பா! நீங்க எதுக்குப்பா தூக்கறீங்க? இறக்குங்கப்பா!"

தையற்காரர் தர்மசங்கடத்தோடு மகளைப் பார்த்தார். கை இறங்கவில்லை.

"எனக்கு இடம் இருக்கேம்மா. இருக்கறதை இல்லைன்னு எப்படிச் சொல்றது?"