அறுப்புக்காலக் கொள்கை

"அவன் கொடி பறக்குற களத்துல என் டிராக்டர் எறங்காது," என்றார் மாதையன்.

நீலாவதி வானத்தைப் பார்த்தாள். மேகம் மலையை விட்டு நகரவில்லை. அறுத்துக் குவித்த சாமை நனைந்தால் வருஷச் சோறு போச்சு. ஊரிலேயே சிமென்ட் களம் அர்ச்சுனனிடம் மட்டும்தான். டிராக்டர் மாதையனிடம் மட்டும்தான். கதிரைக் களத்தில் பரப்பி டிராக்டரை மேலே ஓட்டினால் ஒரு காலையில் வேலை முடியும். ஆனால் இருவரும் வேறு வேறு கட்சி. அறுப்பு வந்தால் சண்டை முற்றி, பேச்சுவார்த்தையே இருக்காது.

"கொடி வெறும் துணிதானே மாமா?"

"துணியா? இன்னா பேசுற நீ! அக்கா பொண்ணுன்னு வுடறேன்."

களத்துக்கு ஓடினாள்.

"கொடிய எறக்கணுமா?" அர்ச்சுனன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நான் செத்தப்புறம் வந்து எறக்கிக்கம்மா."

அவர் மதியம் கண்ணயர்ந்தபோது கொடியின் மேல் ஒரு சாக்கை மாட்டினாள். விழித்தவர், கட்சியையே தூக்கில் போட்டுவிட்டதாகக் கத்தினார். டிராக்டரில் இருக்கும் தலைவர் படத்தைச் சுரண்டினால்தான் இனி பேச்சு என்றார்.

நீலாவதி சுரண்டவில்லை. அதன் மேல் முருகன் படத்தை ஒட்டினாள். மாதையன் அன்று முதல் முருகனோடும் பேசவில்லை.

மகளிர் குழுப் பயிற்சியில் ஒரு மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. எதிராளிக்கும் ஓர் அறம் உண்டு. அதைப் புரிந்து பேசினால் மனம் இளகும்.

மாமனிடம் நியாயம், சமத்துவம் என்று பேசினாள். அர்ச்சுனனிடம் விசுவாசம், மரியாதை, குலதெய்வம் என்றாள். இளகியது. இருவருக்கும் கண் கலங்கியது.

"என்னைப் புரிஞ்சிக்கினவ நீ ஒருத்திதான்," என்றார் மாதையன். "அப்ப நான் ஏன் வரமாட்டேன்னும் புரியும்."

அர்ச்சுனனும் அதையே சொன்னார். கூடுதலாக டீ கொடுத்தார்.

மறுநாள் தூறல் விழுந்தது. குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, காலில் விழுந்தாவது கேட்போம் என்று அர்ச்சுனன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி ஈஸ்வரி மொச்சை உரித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் இல்லீங்களா அண்ணி?"

"உங்க மாமன் டிராக்டர்ல ரெண்டு பேரும் பிரியாணி சாப்பிடப் போயிருக்காங்க," என்றாள் ஈஸ்வரி. "சொந்தக்காரங்க கிட்ட வாடகை கேக்க முடியுமா சொல்லு, ஓசியில குடுக்கவும் மனசு வராது, அதான் வருஷா வருஷம் எங்க ரெண்டு வூட்டுச் சாமையும் அடிச்ச மறுநாளே சண்டை போட்டுக்குவாங்க."