அண்ணியின் இடுப்பும் முப்பது டிக்கும்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தையல் பிரித்தாகிவிட்டது, கைத்தடி இல்லாமலே கூடம் வரை நடக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்து நிம்மதி அடைந்தேன். இங்கே நான் நலம், உங்கள் தம்பியும் நலம், வண்டி மட்டும் சற்று விறைப்பாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடத்தில் உங்கள் தம்பியைப் பற்றி நான் உங்களிடம் ஒரு புகாரும் சொன்னதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

ஐம்பத்திரண்டு வயது வரை பிறர் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி விற்றுக்கொண்டு அமைதியாக இருந்த மனிதர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார் என்று ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போனார். பந்தயம் எல்லாம் இல்லையாம். அவரவர் வண்டியை அவரவர் ஓட்டி நேரம் பார்த்துக்கொள்வதாம். அன்று வீடு திரும்பியவர், சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைத் தள்ளித் தள்ளி எனக்கு ஒவ்வொரு வளைவையும் விளக்கினார். குழம்பு ஆறிப்போனது. அதன்பின் மாதம் இரண்டு ஞாயிறு அங்கேதான். எங்களிடம் இருப்பதோ ஒரே கார். காய்கறிக்கும் அதுதான், என் கல்லூரிக்கும் அதுதான், தடத்துக்கும் அதுதான். வளைவில் அது படகு மாதிரி சாய்கிறது, குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷனை இறுக்கினால்தான் சரிவரும், ஆனால் இறுக்கினால் ரோட்டில் குலுக்கும் என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் இடுப்பு அறுவை சிகிச்சைச் செய்தி வந்தது. ஓய்வுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள், வழியில் உடம்பு குலுங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது என்றால் இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்கள். உங்கள் தம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டார். வேண்டும்போது தளர்த்தி, வேண்டும்போது இறுக்கிக்கொள்கிற சஸ்பென்ஷன் என்று ஒன்று இருக்கிறதாம். அக்காவுக்காகத்தான் வாங்குகிறேன் என்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது அவர் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றில் உயரத்தை மாற்றலாம், இறுக்கத்தை மாற்ற முடியாது. இன்னொன்றில் இரண்டையும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். கடைசியில், ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் தலையிலும் ஒரு திருகு உள்ளதை முடிவு செய்தார். முன்னால் இரண்டு பானெட்டுக்குள், பின்னால் இரண்டு டிக்கிக்குள். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். முழுத் தளர்விலிருந்து முழு இறுக்கம் வரை முப்பது படி, ஒரு படிக்குப் பெயர் டிக். பட்டறைக்காரரை எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒருவர்தான் இதில் நிதானமாகப் பேசினார். "ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே வண்டின்னா, டாக்டர், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கோவிச்சுக்கத்தான் செய்யும். யார் கோபத்தை நீங்க தாங்குவீங்கன்னு முதல்ல பாத்துக்குங்க" என்றார். உங்கள் தம்பி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மாட்டச் சொல்லிவிட்டார்.

அண்ணி, அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. தினமும் கடை மூடியதும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்குவார். இறங்கிப் போய் நாலு திருகையும் இரண்டு டிக் மாற்றிவிட்டு, மறுபடி அதே வேகத்தடை. பிறகு கண் பரிசோதனையில் கேட்கிற அதே குரலில், "இப்ப நல்லாருக்கா, முன்னாடி நல்லாருந்துதா?" என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதான் என்பேன். "அவசரப்படாம சொல்லு. இன்னொரு தடவை காட்டுறேன்" என்பார். எதிர்வீட்டுக்காரர் நாங்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைத்து டார்ச் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் இடுப்பை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், பின் சீட்டில் முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டை வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினார். என்ன இது என்றேன். "அக்கா" என்றார். இருபதாவது டிக்கில் உங்களில் பதினொன்று உடைந்தது. ஒரு வாரமாக இந்த வீட்டில் இரவுச் சாப்பாடு ஆம்லெட்தான்.

புள்ளியியல் கற்றுக்கொடுக்கிறவள் இதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? முறையாக ஒரு சோதனை வைத்தேன். அவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நான் போய் நாலு திருகையும் முழுக்க இறுக்குவேன், அல்லது முழுக்கத் தளர்த்துவேன். அவர் ஓட்டிப் பார்த்து இறுக்கமா தளர்வா என்று சொல்ல வேண்டும். பத்து முறை. எட்டு முறையாவது சரியாகச் சொன்னால் சஸ்பென்ஷன் இருக்கலாம். இல்லையென்றால் பழையதை மாட்டிவிட்டுத் தடத்தையும் மறந்துவிட வேண்டும். கையடித்துச் சம்மதித்தார். மூன்றாவது முறையே, "என்னமோ மாறின மாதிரியே தெரியலையே" என்றார். அப்படி ஒரு பதிலுக்கு இடமில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பத்தில் ஐந்து சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வந்திருக்கும். தாளை நீட்டினேன். இஞ்சினை அணைத்தார். அப்புறம், "அக்கா சொல்லட்டும், கழட்டிடறேன்" என்றார்.

ஆகையால் நீங்கள் ஒரு வரி எழுதிவிட வேண்டும். எது இறுக்கம் எது தளர்வு என்றே தெரியாதவர் ஓட்டுகிற வண்டியில் உங்களை ஏற்ற எனக்குத் துணிவில்லை. மருந்துகளை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டு அண்ணனுக்கு என் வணக்கம். நீங்கள் படி ஏறாமல் இருக்கக் கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். கடவுள் உங்கள் எலும்புகளுக்குத் துணை இருக்கட்டும்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: நான்கு நாள் கழித்து இதை எழுதுகிறேன். அன்று உறை ஒட்டும் நேரத்தில், நான் சொல்லியிருந்தபடி கிரீஸ் பழைய ஷாக்குகளோடு வந்தார். சோதனையைப் பற்றிச் சொன்னதும் எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டார், செய்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "மேடம், நீங்க திருப்பினது தூசிக்குப் போட்ட ரப்பர் மூடி. திருகு அதுக்கு உள்ள இருக்கு. மூடி சும்மா சுத்திக்கிட்டேதான் இருக்கும்" என்றார். அதாவது, பத்து முறையும் வண்டியில் எதுவுமே மாறவில்லை. மாறவில்லை என்று சொன்ன ஒரே மனிதரை நான் அதட்டியிருக்கிறேன். தவறான ஆய்வையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்பவள் என்பதால் மேலே உள்ளதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். உங்கள் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி சோதனை வைத்தோம். பத்தில் ஒன்பது. முழுக்கத் தளர்த்தியபோது முப்பது முட்டையும் முழுசு. நீங்கள் தைரியமாக வரலாம். ஞாயிறன்று பிராயச்சித்தமாக நானும் தடத்துக்குப் போனேன். முழுக்க இறுக்கி, ஒரு சுற்று நீ ஓட்டிப் பார் என்று சாவியைக் கொடுத்தார். வண்டி சாயவில்லை அண்ணி, நான் நினைத்த இடத்துக்குத் தானாகவே திரும்பியது. மூன்றாவது வளைவில் நான் வாய்விட்டுக் கத்தினேன் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் அதை மறுக்கவில்லை. சுற்றுக்கு எடுத்த நேரம் அவரைவிட இரண்டு விநாடி குறைவு. கிரீஸ் இரண்டு முறை சரிபார்த்தார்.

எனவே கழற்றச் சொல்லி எழுத வேண்டாம். அந்த ஒரு வரியை இப்படி எழுதுங்கள்: ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுகளில் சரிபாதி உன் மனைவிக்கு. அவர் பத்தில் நான்குதான் தருவேன் என்கிறார்.