முதுகில் எண்ணிய வல்லூறுகள்

மல்லாந்து படுத்தே ஊரில் பெயர் வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து, எண்ணெய் அண்ணாச்சி ஒருவர்தான். மற்றவர்கள் அதற்கு ஓடியாடி உழைக்க வேண்டியிருக்கிறது. நானும் உழைத்தேன். பெயர் அவருக்குப் போயிற்று.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். சீசனில் அவருடைய சிமெண்டு மேடையில் யாராவது ஒருவர் பளபளவென்று கிடப்பார். சாரல் நின்று கூட்டம் கலைந்தால், ஐயப்ப சாமிகள் வரும்வரை வேலை இல்லை. அந்த ஐப்பசியில்தான் வடக்கேயிருந்து பருந்துகளும் வல்லூறுகளும் மலையை ஒட்டித் தெற்கே போகும். அண்ணாச்சி அதே மேடையில் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு அவற்றை எண்ணுவார். யாரும் எண்ணச் சொல்லவில்லை. சும்மா போவதைச் சும்மா விட அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

நான் தென்காசியில் கணக்கு வாத்தியார். எங்கள் பறவைக் குழுவின் ஐப்பசிக் கணக்கெடுப்பு என் பொறுப்பு. என்னிடம் பைனாகுலர், தொப்பி, கட்டம் போட்ட நோட்டு எல்லாம் உண்டு. அவரிடம் இரண்டு கண்கள் இருந்தன. அதிலும் ஒன்றைப் பாதி மூடியிருப்பார்.

அந்த மேடைப் பக்கம் நின்று எண்ணிய முதல் நாளே மானம் போயிற்று. தூரத்தில் தெரிந்த புள்ளியைக் காட்டி, "பூனைப்பருந்து" என்று குழுவினரிடம் அறிவித்தேன். மேடையிலிருந்து குரல் வந்தது.

"சார்வாள், அது காக்கா."

பக்கத்தில் வந்தது. காக்காதான்.

அன்றிலிருந்து குழுவை நடத்தும் கால்நடை டாக்டரம்மா, நான் எதைச் சொன்னாலும் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார். வீட்டில் மனைவி, "இன்னைக்கு அண்ணாச்சிக்கு எத்தன?" என்று கேட்டாளே தவிர, எனக்கு எத்தனை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமையில் ஒரு காரியம் செய்தேன். பைனாகுலர் பழகினால் அந்தக் கண் மழுங்கும் என்ற நல்லெண்ணத்தில் என்னுடையதை அவரிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு இரண்டு வாரம் நான் பார்த்த பருந்தெல்லாம் நல்லெண்ணெயில் மிதந்தன.

ஆனாலும் ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. ஒரே கூட்டத்தில் அதிகம் எண்ணியவர் என்று குழுவின் பட்டியலில் மூன்று வருடமாக என் பெயர்: நூற்று நான்கு வல்லூறுகள். அண்ணாச்சி அதைவிடப் பெரிய கூட்டங்களைப் பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு பேர் எண்ணி, இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் செல்லும், பெயர் கூட்டத்தை முதலில் கண்டவருக்கு என்பது விதி. அவர் பார்த்ததெல்லாம் வார நாட்களில், தன்னந்தனியாக. அந்த விதியை நான் மிகவும் மதித்தேன்.

அந்த ஞாயிறு மழை விட்டு வானம் துடைத்தாற்போல் இருந்தது. டாக்டரம்மா செங்கோட்டைப் பக்கம் போயிருந்தார். இங்கே நாங்கள் இருவர்தான். அண்ணாந்து பார்த்துப் பார்த்து, பத்து மணிக்கு என் கழுத்து பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி எழுந்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"கவுந்து படுங்க சார்வாள்."

சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். பிடரியில் இறங்கிய கட்டைவிரல் திடீரென்று நின்றது.

"வந்துட்டு," என்றார் மெதுவாக.

தலையைத் தூக்கப் பார்த்தேன். "அசையாதிய, நரம்பு பிசகிரும்" என்று அமுக்கிவிட்டார். எனக்குத் தெரிந்தது சிமெண்டும் ஓர் எறும்பும்தான்.

"லாபம்," என்று தோளில் ஒரு தட்டு. நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். அண்ணாச்சி சின்ன வயதில் வடகரைக் களத்தில் அளந்தவர். ரெண்டு, மூணு. பிறகு வாய் நின்று கை மட்டும் எண்ணியது. வல்லூறுக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு பத்தாவதுக்கும் ஒரு குத்து. வாத்தியார் புத்தி, நானும் எண்ணினேன். பத்தாவது குத்தில் வயிறு எரிந்தது. பதினொன்றாவதில் என் பெயர் போயிற்று. பதின்மூன்று குத்தும் அதற்குமேல் ஏழு தட்டும் விழுந்தபின் கை ஓய்ந்தது.

"எத்தன சார்வாள்?"

"நூத்தி முப்பத்தேழு," என்றேன் சிமெண்டிடம்.

"எனக்கும் அதான்." இருவரும் சேர்ந்து பார்த்ததுபோல் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மதியம் டாக்டரம்மா படிவத்தோடு வந்தார். அண்ணாச்சி கணக்கைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் எண்ணுனீங்களா சார்?"

இல்லை என்றால் போதும். என் நூற்று நான்கு பிழைத்துக்கொள்ளும். அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் வீம்புக்கு மறுத்திருப்பேன். அவரோ படிவத்தைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப திருப்பிப் பாருங்க சார்வாள்."

திருப்பினேன். வலி இல்லை.

"எண்ணுனேன்," என்று கையெழுத்துப் போட்டேன். பைனாகுலரா, வெறுங்கண்ணா என்று கேட்ட கட்டத்தில் 'முதுகு' என்று எழுதினேன். டாக்டரம்மா அதைப் படித்தார். எண்ணெய் காயட்டும் என்று சட்டை போடாமலிருந்த என் முதுகை எட்டிப் பார்த்தார். சிவந்திருந்த குத்துகளை எண்ணியிருப்பார் போலிருக்கிறது. படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.

பட்டியலில் பெயர் மாறியது. அண்ணாச்சி அதைப் பார்க்கக்கூட வரவில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு கழுத்தில் எந்த வலியும் இல்லை. பைனாகுலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், அந்த மேடையில் கவிழ்ந்து படுத்தேன்.