தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கிடந்த 1983

இதை எழுதுவதா விடுவதா என்று ஆறு வருடம் யோசித்தேன். வெட்கம்தான் காரணம். ஆனால் போன மாதம் கோவிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் என் கதையை எனக்கே சொன்னார். அதில் மூன்று துவக்கும் (துப்பாக்கிதான்) ஒரு ஹெலிகொப்டரும் வந்தன. துவக்குகள் ரூபனுடையவை என்றும் சொன்னார். இனியும் பேசாமல் இருக்க ஏலாது.

ரூபன் என் மனைவி மாலாவின் தம்பி. லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கும் லொஃப்ட் அறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, கோலியர்ஸ் வுட்டுக்குத் தனியாகப் போனான். பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். அந்த நேரம் பார்த்து, லொஃப்ட்டில் தண்ணீர்த் தாங்கி ஒழுகுதோ என்று பார்க்கப் போன என் கையில், எண்ணெய்த் துணி சுற்றிய நீட்டுச் சாமான் ஒன்று அகப்பட்டது. அவிழ்த்தால் இரட்டைக் குழல் துவக்கு.

அப்படியே பலகையில் இருந்துவிட்டேன். (அகதியாக வந்தவனுக்குப் பொலிஸ்காரர் காலை வணக்கம் சொன்னாலே வேர்க்கும்.)

இரும்பில் ஏதோ வெட்டியிருந்தது, மங்கலாக. சாமித்தட்டில் இருந்த திருநீற்றை எடுத்து, முருகா என்று பூசி ஊதினேன். வெட்டுக்குள் வெள்ளையாக எழும்பி நின்றது: 1983.

இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு அந்த நான்கு இலக்கமும் சேர்ந்து நின்றால் அது ஆண்டு மட்டும்தான். கலவரம், கப்பல், அகதி முகாம் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இருந்தன. ஆக, எண்பத்திமூன்றில் செய்த துவக்கு. லொஃப்ட்டில் படுத்தவன் ரூபன். முடிந்தது கணக்கு. (நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கணக்கில் அதற்கு முதலே நின்றுவிட்டேன்.)

பிறகு அவனுடைய எல்லாமே சந்தேகமாகப் பட்டது. ஏன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான்? ஏன் கோவிலில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறான்? பொலிசுக்குச் சொன்னால் அவன் குடியுரிமை போகும். சொல்லாவிட்டால் நான் உள்ளே போவேன்.

ஞாயிறு மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். ஒரு வாய் வைத்ததும் கேட்டேன்.

"தம்பி, எண்பத்திமூண்டு எண்டால் உனக்கு என்ன ஞாபகம் வருது?"

"அப்ப எனக்கு ரெண்டு வயசு அத்தான். என்ன ஞாபகம் வரும்?"

"மறைக்காத. உன்ர சாமான் மேல கிடந்தது."

துவக்கைக் கொண்டுவந்து பருப்புக்கறிக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலா அகப்பையும் கையுமாக நின்றாள்.

"இது என்ர எண்டு ஆர் சொன்னது?"

"ஆண்டு போட்டிருக்கு."

"பால்போத்தலோட சேர்த்துக் கொண்டுவந்தனானோ?"

"பேந்து, வளர்ந்தாப்பிறகு கொண்டுவந்திருப்பாய்."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "ரெண்டு வருசம் இஞ்ச இருந்தனான். கேக்காமல் உங்கட பிரிட்ஜைக்கூடத் திறக்கேல்லை." கை கழுவாமலே போனை எடுத்தான். "நானே பொலிசுக்கு அடிக்கிறன்."

"உன்ர விண்ணப்பம்?"

"போனால் போகட்டும். உங்கட கண்ணில இப்பிடி இருந்துகொண்டு எனக்குப் பாஸ்போர்ட் என்னத்துக்கு?"

பொலிஸ் இருவர் வந்தார்கள். மூத்தவர் துவக்கைத் திறந்து, குண்டு இல்லை என்று உறுதி செய்தார். இளையவர் வெள்ளைத் தூளைக் கண்டதும் கையுறை போட்டார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். புனிதமான சாம்பல் என்றேன். எதை எரித்த சாம்பல்? மாட்டுச் சாணம் என்றேன். அதை அவர் மெதுவாக எழுதிக்கொண்டார். நம்ப வைக்கவேண்டுமே என்று குழலில் இருந்ததைத் தொட்டு நெற்றியில் பூசி, மிச்சத்தை வாயிலும் போட்டேன். (துவக்கு எண்ணெய் சரியான கசப்பு.) இளையவர் ரேடியோவில் கை வைத்தார்.

மூத்தவர் மட்டும் பதறாமல், இன்னும் கொஞ்சம் சாம்பல் கிடைக்குமா என்று கேட்டார். மாலா திருநீற்று டப்பாவைக் கொண்டுவந்தாள். அவர் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் பூசித் துடைத்தார். சின்னக் கிரீட முத்திரைகளும், சிதறுகுண்டுதான் போடலாம், ஒற்றைக் குண்டு போடக்கூடாது என்ற ஒரு வரியும் தெரிந்தன. துவக்குகளில் அந்த வரியை வெட்டுவதை நிறுத்தி நூற்றிமுப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று மூத்தவர் சொன்னார். ஆகவே 1983 என்பது ஆண்டே இல்லை. அந்தப் பட்டறை செய்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றாவது துவக்கு.

எங்களுக்கு வீடு விற்ற வெள்ளைக்காரக் கிழவர், அது தன் தகப்பனுடையது என்று பிறகு பொலிசுக்குச் சொன்னார். துவக்கை அவர்கள் கொண்டுபோனார்கள்.

நெற்றியில் நாற்பது வருடம் பூசிய திருநீறு அன்று என் கண்ணைத் திறக்கவில்லை. இரும்பில் பூசினதுதான் திறந்தது. ரூபனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "விடுங்கோ அத்தான், சோறு ஆறுது" என்றான்.

குடியுரிமை கிடைத்த விழாவுக்கு அவன் என்னைத்தான் கூட்டிப்போனான். "நீங்கள் கண்ணால பாருங்கோ. இல்லாட்டிப் பேந்து சந்தேகப்படுவியள்." திரும்பும்போது 93 பஸ் வந்தது. "அத்தான், இது தொண்ணூற்றிமூண்டில செய்த பஸ்தானே?" அன்று தொடங்கியது. இன்றைக்கும் வீட்டு இலக்கம், டாக்டரிடம் எடுக்கும் டோக்கன், எதைக் கண்டாலும் எங்கள் வீட்டில் ஆண்டு கேட்கிறார்கள்.

வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ. துவக்கு ஒன்று. ஹெலிகொப்டர் வரவில்லை. பொலிசைக் கூப்பிட்டவன் ரூபன். பிழை விட்டவன் நான்.