மூடித் தைத்த வேர்ப் பை

ஊரிலுள்ள முழங்கால்களெல்லாம் அந்த வாடகை மண்டபத்துக்குத்தான் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தன. காட்டு மர நிழலில் முளைக்கும் ஏதோ ஒரு செடியின் வேராம். தேய்ந்த மூட்டை ஒட்டுமாம், தளர்ந்த சவ்வை இழுத்துக் கட்டுமாம். விட்டால் பிரிந்த குடும்பத்தையும் சேர்த்து வைத்திருக்கும். விற்றவருக்கு ‘மூட்டு மகான்’ என்று பட்டம். கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், அவரேதான்.

தையல்கார அம்மாவுக்கு அவர் மேல் அபார நம்பிக்கை. வேரைத் துணிப்பையில் போட்டு, வாயை மூடித் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். தையல் பிரிந்தால் சக்தி பறந்துவிடும் என்பது மகானின் கண்டிப்பான உத்தரவு. அவர் பேச்சைக் கேட்டு, தன் முழங்கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டாள். முழங்கால் வீங்கி மெஷினை மிதிக்க முடியவில்லை. கால் போனால் பிழைப்பும் போய்விடுமே என்று உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

லாரி ஓட்டும் கணவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: “மூடித் தைக்கிறது நீதானே? உள்ள வேர் இல்லேன்னா அவருக்குத் தெரியுமா?”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மகான் அவளையே மேடைக்கு அழைத்தார். கையை நீட்டச் சொல்லி அமுக்கினார், பொத்தென்று விழுந்தது. அவள் கொண்டுவந்த பைகளில் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அமுக்கினார், கை அசையவில்லை. வேரின் சக்தியைப் பாருங்கள் என்றார். கூட்டம் கைதட்டியது.

அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பையை வெட்டினாள். வேருக்குப் பதிலாக ராத்திரி அவளே வைத்துத் தைத்த, சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி உதிர்ந்தது. அடுத்த பையிலும் அதுவே.

மகான் அசரவில்லை. இத்தனை நாள் வேரைத் தொட்ட கையல்லவா, சக்தி கையிலேயே ஊறிவிட்டது என்றார்.

“அப்போ பை இல்லாதப்போ ஏன் விழுந்துச்சு? அதே கைதானே?” என்றாள் அவள். “சட்டைக்குக் கையளவு எடுத்தே காலம் ஓட்டுறவ நான். முதல்ல மணிக்கட்டுல அமுக்குனீங்க. அப்புறம் முழங்கைகிட்ட அமுக்குனீங்க.”

முன்வரிசைக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் அமுக்கிப் பார்த்தார்கள். மணிக்கட்டில் அமுக்கினால் விழுந்தது. முழங்கையருகே அமுக்கினால் நின்றது. வேருக்கு அங்கே வேலையே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது மகான் பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் மூட்டுகளில் ஒரு குறையும் இல்லை.

அவள் நேராக டாக்டரிடம் போனாள். திட்டு வாங்கினாள், மாத்திரையும் வாங்கினாள். அந்த வேரில் மருந்தே இல்லையா என்று கேட்டாள். இருந்தாலும் இருக்கலாம், முறையாகச் சோதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

வேரைத் திட்டாதீர்கள், அது பாவம். மூட்டு உழைத்துத் தேய்கிறது. மூளை உழைக்காமல் துருப்பிடிக்கிறது. முன்னதற்கு டாக்டர் இருக்கிறார். பின்னதற்கு நீங்கள்தான் யோசித்தாக வேண்டும்.